ஆத்மநாதன் கட்டிப்போட்ட நாய்

ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போகும் மினிபஸ் ஒன்றின் டிரைவர் ஆத்மநாதன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வரப்பில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கினால் ஒதுங்கி வழிவிடுவார். அவன் முறைத்துவிட்டுப் போனால் இவர் சிரிப்பார். "அண்ணே, நீங்க போற போக்குக்கு எருமை ஓவர்டேக் எடுத்துரும்" என்பான் கண்டக்டர் வசந்தகுமார். அதற்கும் சிரிப்புத்தான். யாரிடமும் ஒரு சொல் வாங்கிவிடக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். தங்கமான மனுஷன் என்று ஊர் மெச்சியது. ஊருக்கென்ன, மெச்சுவதற்குக் கைக்காசா செலவு?

மூன்று வருஷத்துக்கு முன்னால், நல்ல மழையில், ஒரு நாய்க்குட்டி பஸ்ஸுக்குள் ஏறி சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டது. எந்த ஸ்டாப்பில் ஏறியதென்று யாரும் பார்க்கவில்லை. வசந்தகுமார் வழக்கம்போல "டிக்கெட், டிக்கெட்" என்று கூவிக்கொண்டு வர, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அது வாலை ஆட்டியபடி வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து டிக்கெட் இளமதியின் நாய். இளமதி ஆத்மநாதனின் ஒரே மகள். தன் தட்டுச் சோற்றில் பாதியை அதற்குப் போட்டுத்தான் வளர்த்தாள். செவலை நிறம், ஒட்டிய வயிறு, நெட்டைக் கால்கள். ஓடுவதற்கென்றே பிறந்த பிறவி. இரவில் பஸ் அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். காலையில் அது கிளம்பியதும் டிக்கெட்டும் கூடவே ஓடும். கண்மாய்க்கரை வரைக்கும் ஓடி, பஸ்ஸை முந்திக்கொண்டு போய் நின்று, 'என்ன இவ்வளவு நேரம்?' என்கிற மாதிரி திரும்பிப் பார்க்கும். இளமதி நர்ஸிங் படிக்கத் திருச்சிக்குப் போன பிறகும் சாயங்காலம் வீடியோ காலில் முதல் கேள்வி, "டிக்கெட் எங்க?" என்பதுதான். "பெத்தவ ஒருத்தி இங்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று உண்ணாமலை செல்லமாகச் சலித்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமி சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர். புதுவீடு கட்டி, காம்பவுண்டும் எழுப்பியிருந்தார். கேட் மட்டும் பட்டறையிலிருந்து வந்தபாடில்லை. கேட் வருவதற்கு முன்னாலேயே வேட்டைநாய்கள் இரண்டு வந்துவிட்டன. தடுக்க எதுவுமில்லாமல் அவை தெருவில் திரிந்தன. சைக்கிளில் போகிறவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரிடம் போய்ச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவர் ஆத்மநாதனிடம் வந்து சொன்னார்.

"அண்ணே, ஒங்க நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்கண்ணே. எங்க கோழியெல்லாம் மெரளுது."

"ஆகட்டுங்க" என்றார் ஆத்மநாதன். மறுநாளே அறந்தாங்கியில் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் வாங்கிவிட்டார்.

உண்ணாமலைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அவுக நாயி ரெண்டும் தெருவுல மேயுது. நம்ம நாயக் கட்டணுமாக்கும்?"

"அவுக நாயி அவுக பாடு. நம்மள ஒரு சொல்லு சொல்லிரக்கூடாதுல்ல."

பிறந்ததிலிருந்து கட்டு என்பதே தெரியாத டிக்கெட், கொல்லையில் வேப்பமரத்தடியில் கட்டப்பட்டது. பஸ் கிளம்பும்போது அது போட்ட ஊளையைக் கேட்காததுபோல் ஆத்மநாதன் கியரை மாற்றினார். மகளுக்கு இது தெரிந்தால் விடமாட்டாள் என்பதால், அவள் போன் வரும் நேரத்தில் சங்கிலியை மட்டும் கழற்றிவிடுவார். பட்டை கழுத்தில் கிடக்கும். "புதுசா பெல்ட்டா? மாப்பிள்ளை மாதிரி இருக்கான்" என்று இளமதி சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அது நடந்த அன்று உண்ணாமலை நூறுநாள் வேலைக்குப் போயிருந்தாள். ஆத்மநாதன் பஸ்ஸில் இருந்தார். கோழியை விரட்டிக்கொண்டுதான் வந்தனவோ என்னவோ, அந்த இரண்டு நாய்களும் கொல்லைக்குள் புகுந்துவிட்டன. சத்தம் கேட்டு எதிர்வீட்டு மருதாயி கம்போடு ஓடிவந்து அவற்றை விரட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது.

தகவல் தெரிந்து ஆத்மநாதன் வந்து பார்த்தார். சங்கிலி மரத்தைச் சுற்றி இறுகிக் கிடந்தது. அடிமரத்தின் தோல் உரிந்திருந்தது. டிக்கெட் ஓடத்தான் ஓடியிருக்கிறது. மரத்தையே சுற்றிச் சுற்றி ஓடி, ஒவ்வொரு சுற்றுக்கும் சங்கிலி குறைந்து, கடைசியில் கழுத்து மரத்தோடு ஒட்டிப்போய், அதற்குமேல் ஓட இடமில்லாமல் நின்றிருக்கிறது. அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளைச்சாமி வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, முகம் வெளுத்துப் போய்த்தான் இருந்தது. "மன்னிச்சுக்கங்கண்ணே. கேட் வந்திருந்தா இப்புடி ஆயிருக்காது" என்றார். கிளம்பப் போனவர் திரும்பி, "அவுத்து விட்டிருந்தீங்கன்னா ஓடித் தப்பிச்சிருக்கும்" என்றார்.

ஆத்மநாதன் நிமிர்ந்து பார்த்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது, காலமெல்லாம் பழகிய நாக்கு, "பரவாயில்லங்க" என்று சொல்லிவிட்டது. உண்ணாமலை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு, டிக்கெட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, கொல்லை மூலையில் தன் கையாலேயே குழிவெட்டிப் புதைத்தார்.

சாயங்காலம் போன் அடித்தது. உண்ணாமலை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

"எங்கப்பா அவன்? காமிங்க."

"அவன் இல்ல ஆத்தா. வெள்ளைச்சாமி வீட்டு நாயிக ரெண்டும் சேந்து கடிச்சுப் போட்டுருச்சு."

திரையில் மகளின் முகம் கோணிக்கொண்டு போவதைப் பார்க்க முடியாமல் போனைச் சற்றே திருப்பிக்கொண்டார். அழுகைக்கு நடுவே அவள் குரல் வந்தது. "அவன் ஓடியிருப்பானேப்பா. பஸ்ஸயே முந்துவான். ஏம்ப்பா ஓடல?"

தூங்கிக்கொண்டிருந்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள்.

"கட்டிப் போட்டிருந்தேன் ஆத்தா. கோழி மெரளுதுன்னு அவுக சொன்னாக. ஒனக்குத் தெரியாம நாந்தான் கட்டுனேன்."

அந்தப் பக்கம் அழுகை நின்றுவிட்டது. அழுதுகொண்டிருந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

"அந்த பெல்ட்டு அதுக்குத்தானா?"

"ஆமாத்தா."

"அதை அவுத்துட்டுத்தான பொதச்சீங்க?"

சங்கிலியைக் கழற்றியது ஞாபகம் இருந்தது. பட்டையைப் பற்றி நினைக்கவே இல்லை.

"அப்ப இன்னமும் கட்டித்தான் போட்டிருக்கீங்க" என்றாள் இளமதி. போனை வைத்துவிட்டாள்.

ஆத்மநாதன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சத்தம் கேட்டு உண்ணாமலை வாசற்படிக்கு வந்தாள். "என்னங்க பண்றீங்க?"

"அவுத்து விட்டுட்டு வந்துர்றேன்."

அவள் தடுக்கவில்லை. நாலைந்து வெட்டு வெட்டினார். பிறகு, மண்வெட்டி அதன்மேல் பட்டுவிடுமோ என்று பயந்து அதைத் தூரப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளத் தொடங்கினார்.