சாப்பிட்டது நான் இல்லை

இல்லை, சாமி வந்தது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவர்கள்தான் சொன்னார்கள்.

தோட்டத்து அம்மன் திருவிழாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வாசம். சர்க்கரைப் பொங்கலில் நெய் உருகும் வாசம். ஈர வேப்பிலை. பனி கோயில் வாசல் வரை வந்து நின்றிருந்தது. தப்பு அடிக்கிறவர்களின் கைகள் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது...

பதினேழு வயது. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்குப் போய் பரதம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷப் போட்டியில் தனி நடனம் எனக்குத்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். உடம்பு இளைத்தால்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். "வயிறு தெரியுது பிள்ளை. உனக்கு முன்னால அதுதான் மேடைக்கு வரும்." வகுப்பு தொடங்குவதே ஒரு கேள்வியோடுதான்: "இரவைக்கு என்ன சாப்பிட்டனி?" பகிடியாகத்தான் கேட்பார். எல்லோரும் சிரிப்போம். நானும்.

பிறகு நிறுத்தினேன். முதலில் ரொட்டி. பிறகு சோறு. பிறகு குடிக்கிற சாயத்தண்ணிக்குச் சீனி. கண்ணாடியில் எலும்பு தெரியத் தெரிய ஒரு சந்தோஷம்... அப்படித்தான் அதற்குப் பெயர் என்று நினைத்தேன்.

திருவிழா அன்று கரகம் கோயிலுக்கு வந்து இறங்கியபோது என் முழங்கால் ஆடியது. பிறகு கை. பிறகு பல் தட்டியது. பசி நடுக்கம், எனக்குத் தெரியும். ஆனால் அது எப்படியோ தப்புச் சத்தத்தோடு தாளம் சேர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காதான் முதலில் கத்தினார். "அய்யோ, பாப்பாவுக்கு ஆத்தா வந்திருச்சு!"

மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். பூசாரி குனிந்து, "ஆத்தாளுக்கு என்ன வேணும்?" என்றார்.

"சோறு."

அது என் குரல் மாதிரியே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

இலை நிறைந்தது. காலியானது. மறுபடி நிறைந்தது. யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். செல்லம்மாக்காவின் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாசக்கணக்காக போன் இல்லை. அவனைப் பற்றிக் கேட்டு அழுதார். "வருவான்" என்றேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் கிழமை முடியுமுன்னே அவன் பையும் கையுமாக லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றான். ஏன்டா திடீர்னு என்று கேட்டதற்கு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது என்றான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் தட்டுகள் வந்தன.

மற்ற நாட்களில் எனக்கு ஒன்றும் இறங்காது. வெள்ளி பின்னேரம் கோயில் படியில் உட்காருவேன். பூசாரி உடுக்கை எடுப்பார். நடுக்கம் வரும். சாப்பிடுவேன். பொங்கல், வடை, தயிர்ச்சோறு, யாருடையதோ பிறந்தநாள் கேக் கூட. மூச்சு முட்டும் வரை. அடுத்த வகுப்பில் டீச்சர் கேட்பார். "ஒன்றுமில்லை டீச்சர்." பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை. சாப்பிட்டது நான் இல்லையே.

பயம் வந்தது அதற்கும் பிறகு.

ஒரு செவ்வாய்க்கிழமை. மழை. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கழற்றி மாட்டிவிட்டு ரொட்டி சுட்டார். நான் அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன். உடுக்கை இல்லை. வேப்பிலை இல்லை. உடம்பு அசையவே இல்லை. அம்மா என் முன்னால் தட்டை வைத்தார். பின்னால் நகர்ந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"சாப்பிடுங்க ஆத்தா."

அம்மா என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

என் கை போனது. நான் அனுப்பவில்லை. அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டியைப் பிய்த்தது, சம்பலைத் தொட்டது. வாய் மென்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், சுவர்ப் பக்கம், யாரோ சாப்பிடுவதைப் பார்ப்பது போல நின்றார்.

இந்த வீட்டில் இப்போது மகள் இல்லை... எப்போது போனாள் என்றும் தெரியவில்லை.

"அம்மா, நான்தான்."

"நான்னா யாருங்க?"

"கவிதா."

"சரியா கேக்கல. இன்னொருக்கா சொல்லுங்க."

"கவிதாம்மா! ஒங்க மக கவிதா! எனக்குப் பசிக்குதும்மா..."

 அம்மா மூக்கை உறிஞ்சினார். பழைய குரல்.

"கவிதான்னா என்னடி மகாராணி மாதிரி ஒக்காந்திருக்க? எந்திரிச்சு அந்த ரொட்டியத் திருப்பிப் போடு. கருகுது பாரு."

அம்மா உண்மையிலேயே நம்பினாரா, என்னைச் சாப்பிட வைக்க வேறு வழி தெரியாமல் செய்தாரா... இதுவரை கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

தனி நடனம் வேறு பிள்ளைக்குப் போனது. ரொம்ப நாள் அழுதேன்.

இப்போது நானும் டவுனில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது "பசிக்குது டீச்சர்" என்றால் பாதி ஜதியில் நிறுத்திவிடுவேன். எனக்கு எல்லாம் சரியாகிவிடவில்லை. மனசு சரியில்லாத நாளில் இன்னமும் அளவு தெரியாமல் சாப்பிடுவேன். மறுநாள் அதற்காகப் பட்டினி கிடப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் சில வெள்ளிக்கிழமைகளில், பனி இறங்கும்போது, அந்தத் தட்டுகள் ஞாபகம் வரும். அவ்வளவு பேர் சேர்ந்து அவ்வளவு ஆசையாக எனக்கு வேறெப்போதும் சோறு போட்டதில்லை.

எனக்கா?

அந்தச் செவ்வாய்க்கு அடுத்து வந்த வெள்ளி நான் கோயிலுக்குப் போகவில்லை. செல்லம்மாக்கா தட்டோடு வீடு தேடி வந்துவிட்டார்.

"ஆத்தா இல்லையா?"

"ஆத்தா வராது," என்றார் அம்மா. "தட்ட வச்சிட்டுப் போ. எம்புள்ள சாப்பிடும்."

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.