இருபத்தாறு பேர் தவறவிட்ட படகு

எங்கள் சொந்தக்காரர் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால், சாப்பாட்டுத் தட்டுகளை எடுப்பதற்குள் நான் படகைத் தவறவிட்ட கதை எப்படியும் வந்துவிடும். ஞானஸ்நான விருந்தானாலும் பிறந்தநாளானாலும் மாமா தொடங்குவார், மாமி இடையிடையே திருத்துவார். ஒன்பது வயதில் தாய்லாந்துச் சந்தை ஒன்றுக்குள் நான் காணாமல் போனேன். அதனால் இருபத்தாறு பேர் தீவுக்குப் போகும் படகைத் தவறவிட்டார்கள். மாமியின் இருபத்தைந்தாவது கலியாண நாள் கெட்டுப் போனது. இதுதான் கதை. நான் காணாமல் போன நேரம் மட்டும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு வந்தது. கடைசியாகக் கேட்டபோது நான்கு மணித்தியாலம் ஆகியிருந்தது, பொலீசும் வந்திருந்தது.

நான் அன்று எங்கும் காணாமல் போகவில்லை.

அந்தப் பயணம் மாமாவின் யோசனை. மாமா அம்மாவின் அண்ணன். கனடாவில் மொன்றியலில் எங்கள் கோயில் பங்கு ஆட்களுக்கு எதை ஒழுங்குசெய்வதென்றாலும் அவரிடம்தான் போவார்கள். அதுவரை அவர் அவர்களைத் திருத்தலங்களுக்கும் நயாகராவுக்கும்தான் கூட்டிப் போயிருந்தார். தன் கலியாண நாள் வரும் மார்ச் மாதத்தில் பெரிதாக ஒன்று செய்யவேண்டும் என்று நினைத்தார். சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூர், பினாங்கு வழியாகத் தரையாலேயே தாய்லாந்துக்குள் போய், ஒரு தீவில் இரண்டு இரவு தங்கி, பாங்கொக்கில் விமானம் ஏறுவது திட்டம். கலியாண நாள் தீவில் வரும்படி கணக்குப் பார்த்து வைத்திருந்தார்.

அப்பா வரமாட்டேன் என்றுதான் முதலில் நின்றார். டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுவது அவருடைய வேலை. ஊர் உலகத்துப் பெட்டிகளையெல்லாம் ஏற்றி அனுப்பிய மனுசன், கனடாவுக்கு வந்ததிலிருந்து ஒரு விமானத்துக்குள்ளும் உட்கார்ந்ததில்லை. அம்மா ஒரு கிழமை சொல்லிப் பார்த்தார், பிறகு பேசாமல் இருந்து பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, தங்கும் ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஹட்யாய் என்ற பெயர் வந்தபோது அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, அங்கே எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு இரவு, அடுத்த நாள் காலையில் சந்தை பார்த்துவிட்டுப் படகுக்குப் போவோம் என்றார் மாமா. அப்பா சரி என்றார். அம்மா தன்னுடைய ஒரு கிழமை முயற்சி பலித்தது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பயணத்தின் முதல் ஆறு நாள்களைப் போல மகிழ்ச்சியான நாள்கள் எனக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை. பனிச் சப்பாத்தும் தடித்த மேற்சட்டையும் இல்லாமல் வெளியில் ஓடலாம் என்பதே எனக்குப் பெரிய அதிசயம். மாமா எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி தந்திருந்தார், தன் கழுத்தில் ஒரு விசில் போட்டிருந்தார். அவர் ஊதினால் இருபத்தாறு மஞ்சள் தலைகள் கோயிலடிக் கோழிக்குஞ்சுகள் போல ஓடி வரும். மாமியின் பெட்டியில் பாதி மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். இருபது வருடமாகக் குளிரைத் திட்டியவர்கள் சிங்கப்பூரில் இறங்கிய அரை மணித்தியாலத்தில் வெயிலைத் திட்டத் தொடங்கினார்கள். பஸ்ஸுக்குள் செபமாலை சொல்லுவார்கள், அது முடிந்ததும் பழைய சினிமாப் பாட்டு. ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பின்னால் ஓடும். நான் ஒவ்வொரு மடியாக மாறி மாறித் தூங்குவேன்.

மலேசிய எல்லையில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கனடிய பாஸ்போட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தாய்லாந்து அதிகாரி படத்தையும் ஒழுங்காகப் பார்க்காமல் முத்திரை குத்தித் திருப்பித் தந்தான். அப்பா அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். போ போ என்று அதிகாரி கையைக் காட்டிய பிறகுதான் நகர்ந்தார். முத்திரை அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, எனக்கும் காட்டுங்கோ என்று கேட்டேன்.

அடுத்த நாள் காலை ஹட்யாய்ச் சந்தை வாசலில் பஸ் நின்றது. முக்கால் மணித்தியாலம் தருகிறேன், பதினொன்றுக்குப் படகு, அதைத் தவறவிட்டால் நாளைக்குத்தான் என்று மாமா மூன்று தரம் சொன்னார். பெண்கள் முந்திரிப்பருப்பையும் காய்ந்த மாம்பழத்தையும் நோக்கிப் பாய்ந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்தார்.

“வா மகள், ஒரு இடத்துக்குப் போட்டு வருவம்.”

சந்தைக்குள் போகவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைகளுக்குள் அவர் யாரிடமும் வழி கேட்காமல் நடந்தார். ஓரிடத்தில் நின்று, ஒரு கைத்தொலைபேசிக் கடையை அண்ணாந்து அதன் மேல்மாடி யன்னல் வரைக்கும் பார்த்தார். பக்கத்துக் கடையில் இருந்த கிழவியிடம் போய்க் கதைத்தார். அந்த ஊர்ப் பாஷையில் கதைத்தார்.

எனக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று சொல்லவேண்டும். எங்கள் தெருமுனைச் சில்லறைக் கடையான தெப்பனரில் பால் பழுதாகிவிட்டது என்று பிரெஞ்சில் சொல்லவும் அப்பா என்னைத்தான் கூட்டிப் போவார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைப் பற்றிச் சொல்லும் குறைகளை நானே அவருக்கு மொழிபெயர்ப்பேன், அதில் எனக்கு நல்ல வசதியும் இருந்தது. அப்படிப்பட்ட அப்பா அந்தக் கிழவியோடு மூக்கால் இழுத்து இழுத்துக் கதைக்கிறார், அவள் சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறாள். அவள் காட்டிய பக்கம் ஒரு சின்ன மூன்று சில்லு வண்டியில் ஏறினோம்.

அது எங்களை ஒரு ரொட்டிக் கடையில் இறக்கியது. நீலப் படங்குக் கூரை கட்டிய கடை, வாசலில் பெரிய தட்டையான இரும்புக் கல். எங்கள் ஆள் மாதிரியே இருந்த உயரமான ஒருவர் மாவை வீசி வீசி விரித்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் கண்டதும் அவருடைய கை நின்றது. விரித்த மா கையிலேயே தொங்கியது, கல்லில் கிடந்த ரொட்டி கருகத் தொடங்கியது. 

“சாப்பிட்டனியோ?” என்று கேட்டார் அவர்.

அப்பா தலையாட்டினார். கடைக்காரர் எங்களை இருத்திவிட்டு எனக்கு வாழைப்பழம் வைத்த ரொட்டி சுட்டு, அதற்கு மேல் டின்பால் ஊற்றித் தந்தார். அதற்குப் பிறகும் இரண்டு தந்தார். அவருடைய தமிழ் சில சொற்களில் தட்டுப்பட்டு நின்று பிறகு வந்தது.

“மகளோ?”

“ஓம். ஒன்பது வயசு.”

“அப்ப அவவைக் கட்டிட்டாய்.”

“நான் போய் மூண்டு வருசத்தால வந்தவ.”

“நல்லது மச்சான்,” என்றார். இரண்டாம் தரமும் நல்லது என்றார்.

அவ்வளவுதான் அவர்கள் கதைத்தது. கடைக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். உள்ளே இருந்து அவருடைய மனைவி வந்து எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார், அவர் அந்த ஊர்ப் பெண்.  அப்பா எழும்பினார். மஞ்சள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, காற்சட்டையை மடித்துவிட்டு, கடைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து எச்சில் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். எங்கள் வீட்டில் ஒரு கரண்டியும் கழுவாதவர். எனக்கு வெட்கமாக இருந்தது. ரொட்டிக் கடை மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா கழுவிய கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு, நடுவில் ஒரு தரம் மஞ்சள் தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு, “பஸ் நிக்குமெல்லோ, வெளிக்கிடு,” என்றார் ரொட்டிக் கடை மாமா. அப்பா இன்னும் நாலு கோப்பை இருக்கிறது என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஒன்றரை மணித்தியாலம் பிந்தியிருந்தது. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மாமாவுக்கு விசில் ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தது. அம்மா சந்தை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். எங்கே போனீர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“பிள்ளை சந்தைக்குள்ள தவறிப்போட்டாள்,” என்றார் அப்பா. “தேடிப் பிடிக்க நேரமாச்சு.”

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் தந்தார், அந்தக் கையோடேயே கன்னத்தில் ஓங்கி ஒன்று போட்டார். அதுவரை அம்மா என்னை அடித்ததில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம், அந்த வியப்பில் வாய் எழவில்லையோ என்னவோ.

படகு போய்விட்டிருந்தது. தீவில் மாமிக்காகச் சொல்லிவைத்த கேக்கும், கடற்கரையில் போடச் சொன்ன மேசைகளும் அங்கேயே இருக்க, நாங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் மணக்கும் ஒரு விடுதியில் தங்கினோம். பொழுது சாயும் நேரத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, ஒரு அன்னாசிப்பழத்தில் மெழுகுதிரி குத்தி, மாமாவும் மாமியும் அதை வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டாக மாமி எல்லோருக்கும் ஊட்டினார், எனக்கு ஊட்டவில்லை. நான் எழும்பிப் போய் மரப்பாலத்தில் இருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் இருந்தார்.

“மகள், கோவமோ?”

நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். இது நியாயமில்லை, நீங்கள் பொய்க்காரர் என்று சொன்னேன். அவருக்கு விளங்கக் கூடாது என்றுதான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து ஓம் என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கதை மட்டும் வளர்ந்துகொண்டு போனது.

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை, அப்பாவை நான்தான் பூசைக்குக் கூட்டிப் போனேன். இறந்தவர்களுக்காக மன்றாடும்போது முன்பின் கேட்டிராத ஒரு பெயரைச் சுவாமியார் வாசித்தார். அப்பா முழந்தாளில் இருந்து எழும்பவில்லை. பூசை முடிந்து காருக்குள் சூடு வரட்டும் என்று காத்திருந்த நேரம், அது யார் என்று கேட்டேன்.

கண்ணாடிக்கு வெளியே விழும் பனியைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு உனக்கு ரொட்டி சுட்டுத் தந்த நண்பர் என்று சொன்னார். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்ட் அப்பாவையும் அந்த நண்பரையும் ஹட்யாயில் ஒரு கடையின் மேல்மாடி அறையில் வைத்திருந்தான். பதினான்கு மாதம். பொலீசுக்கு ஒளித்து இரண்டு பேரும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினார்கள். கடைசியில் ஒரு பாஸ்போட் வந்தது. முறைப்படி அது நண்பருக்கு. அதில் இருந்த படம் யாருக்கும் பொருந்தக்கூடிய படம். உனக்காக ஒருத்தி ஊரில் காத்திருக்கிறாள், நீ போ, நான் அடுத்ததில் வருகிறேன் என்று நண்பர் சொன்னார். அப்பா போனார். அடுத்தது வரவில்லை, ஏஜென்ட்டும் வரவில்லை, பொலீஸ் வந்தது. நண்பர் இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு, பிறகு அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அப்பா. ஆர் என்ன சொல்லப் போயினம்?”

“கொம்மா தன்னாலதான் எண்டு நினைப்பா,” என்றார்.

இப்போது அம்மாவுக்கும் தெரியும். அப்பாதான் சொன்னார். அம்மா மூன்றாம் நாள் என்னுடைய வீட்டுக்கு வந்து, மேற்சட்டையையும் கழற்றாமல் வாசலில் நின்று, “அண்டைக்கு உனக்கு அடிச்சுப்போட்டன்,” என்று மட்டும் சொன்னார்.

ரொட்டிக் கடையிலிருந்து திரும்பி வந்த அந்த வண்டிப் பயணத்தை மட்டும் நான் இருவருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது நினைவிருக்கலாம். வண்டி சந்தைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு நிறைந்திருந்தது, ரொட்டி தந்த மாமாவை நன்றாகப் பிடித்துப்போயிருந்தது. அவரும் எங்களோடு கனடாவுக்கு வரலாமே, பஸ்ஸில் பின் சீற் சும்மாதானே கிடக்கிறது என்றேன். அவரிடம் பாஸ்போட் இல்லை என்றார் அப்பா. அம்மா என் கழுத்தில் ஒரு துணிப் பையைத் தைத்து மாட்டியிருந்தார், என்னுடைய பாஸ்போட் அதற்குள் இருந்தது. நான் சின்னப் பிள்ளை, என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நம்பிக்கை.

“அப்ப என்ர இதை அவருக்குக் குடுப்பமே?” என்று கேட்டேன்.

அப்பா எலும்பு நோகும்படி என் கையை இறுக்கிப் பிடித்தார், சந்தை வரும்வரை விடவில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது, அந்தப் பயத்தில்தான் பிடிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.