பட்டுப்புடவையில் டைப்பிங் பரீட்சை

எங்கள் தெருவில் இன்றைக்கு வரிசையாகக் கம்ப்யூட்டர் ஆபீசுகள். காலையில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் போவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். ஆனால் என் தாய்மாமா வந்துவிட்டால் போதும், "இதெல்லாம் நான் கொண்டாந்தது" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் கொண்டுவந்த அழகை நேரில் பார்த்தவள் நான். எத்தனை வருஷம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோயில் பூசையில் முதல்முறை அப்பம் வாங்கும் புது நன்மை முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை; யார் என்ன பாவம் செய்கிறார்கள் என்று கவனிப்பதே எனக்கு வேலை. மாமா இதே தஞ்சாவூரில், எங்கள் தெருக்கோடியில், டைப்பிங் கிளாஸ் வைத்திருந்தார். மேலே மாடி காலியாகக் கிடந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் மெட்ராஸ் கம்பெனி ஒன்று கிளை திறக்க ஊர் தேடுகிறது என்று யாரோ சொல்ல, மாமா ரயிலேறிப் போய் அதன் மேனேஜரைப் பிடித்தார். அந்த மனிதர் மாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "இடம் எங்கயும் கிடைக்கும். படிச்ச ஆளுங்க முப்பது பேரைக் காட்டுங்க, வர்றேன்" என்றாராம்.

முப்பது என்ன, முந்நூறு பேர் என்று சொல்லிவிட்டு வந்தார் மாமா. வீடு வீடாக ஏறினார். எல்லா வீட்டுச் சுவரிலும் கறுப்பு அங்கியோடு பட்டம் வாங்கிய பையனின் படம் தொங்கியது. படம்தான் தொங்கியது. பையன் பெங்களூரில், துபாயில், சிங்கப்பூரில். ஒரத்தநாடு வரைக்கும் சைக்கிளில் அலைந்தார். அங்கேயும் அதே கதை. நிலத்தை விற்றுப் படிக்க வைத்ததே வெளியே அனுப்பத்தானே? இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம்தான் உபதேசியாரின் நோட்டு ஞாபகம் வந்திருக்கிறது. எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் வரனும் பார்த்துக் கொடுப்பார். எந்த வீட்டுப் பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பி.எஸ்ஸி., பி.காம்., எம்.ஏ.கூட இருந்தது. எல்லாம் படித்துவிட்டு வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி. பி.காம்.; டைப்பிங்கில் ஹையர் பாஸ். வேலைக்குப் போகிறேன் என்று மூன்று வருஷம் அப்பாவைக் கேட்டுப் பார்த்துவிட்டு, கேட்பதையே நிறுத்தியிருந்தாள்.

பெண்ணை வேலைக்கு அனுப்புங்கள் என்று நேராகக் கேட்க மாமாவுக்குத் துணிவில்லை. மெட்ராசிலிருந்து நல்ல இடம் வருகிறது, பெண்ணைச் சர்டிபிகேட்டோடு கூட்டிவரட்டும் என்று உபதேசியாரிடம் சொன்னார். அவரும் பாவம், நம்பி, வீடு வீடாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கும் அதே பொய்தான்; பேச்சில் இருந்த வேறொரு வரனை நிறுத்திவைத்துவிட்டு, மெட்ராஸ் இடத்தையும் பார்த்துவிடலாம் என்றார் அப்பா.

சனிக்கிழமை போனால் டைப்பிங் கிளாஸ் முழுக்கப் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ. ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்கு மட்டும் வந்த வரன் என்று நினைத்து வந்து, அடுத்தவரைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் உள்ளே வந்தார்.

"மாப்பிள்ளைக்குத் தலை நரைச்சிருக்கே" என்றது எனக்குப் பின்னால் ஒரு அம்மா.

"அது மாப்பிள்ளையோட அப்பாவா இருக்கும். பேசாம இருங்க" என்றது இன்னொன்று.

மேனேஜர் முதல் பெண்ணைப் பார்த்து, "நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பீங்கம்மா?" என்றார். அவளுடைய அப்பா எழுந்துவிட்டார். "என்ன சார் கேக்குறீங்க? பொண்ணு நல்லா சமைப்பா, தைப்பா. வேற என்ன தெரியணும்?"

மேனேஜர் மாமாவைப் பார்த்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஏன் மாப்ள, என் பொண்ணு மானத்தை வாங்கவா இந்த வேலை பண்ணுன?" என்றார் அப்பா.

"வேலைன்னு சொன்னா நீங்க அனுப்பியிருப்பீங்களா அத்தான்?"

கூட்டம் கலைந்தது. போகிறவர்களைத் தடுத்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லத் தெரிந்ததா அவருக்கு? வாசலில் நின்று, "கலர் குடிச்சிட்டுப் போங்க, கலர் குடிச்சிட்டுப் போங்க" என்று சோடா பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரும்மா, போகலாம்" என்று அப்பா திரும்பினார். அக்கா நாற்காலியில் இல்லை. ஒரு மெஷினுக்கு முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மேனேஜர் கொடுத்த தாளைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் முடியட்டும்ப்பா."

அப்பா மறுபடியும் கூப்பிட்டார். அவள் அடிக்கிற சத்தம் இன்னும் வேகமானது. வாசல் வரை போன பெண்கள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அம்மா பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியில் பதினொரு பேர்.

அடித்த தாள்களைப் பார்த்துவிட்டு மேனேஜர் சொன்னார். "வேலை சுத்தமா இருக்கு. ஆனா நாங்க சொல்லிக் கொடுத்ததும் பசங்க பறந்துடுறாங்க. நீங்க இருப்பீங்களா? கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிடுவீங்களா?" மற்ற பத்துப் பேரும் வீட்டில் கேட்க வேண்டும் என்றார்கள். அக்கா மட்டும், "போக மாட்டேன் சார்" என்றாள்.

"எங்க கட்டிக் கொடுத்தாலுமா?"

"ஊரை விட்டு எங்கயும் போக மாட்டேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாகப்பட்டினத்து வரன் முடிவாகும் நிலையில் இருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வரும் வழியில், "நீ பொய் சொன்னே. கோயில் சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லணும்" என்றேன். "நான் எங்கடி பொய் சொன்னேன்?" என்று நடந்துகொண்டே இருந்தாள்.

முப்பது பேர் சேராவிட்டாலும் அந்த ஒரு பதிலை நம்பி மேனேஜர் ஒத்துக்கொண்டார்; அடுத்த மாதம் மாடிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வேலை தெரிந்த பெண்கள் இங்கே நிலையாக நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்னொரு கம்பெனி வந்தது, அப்புறம் இன்னொன்று. புதிதாய்ச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் அக்காதான் சொல்லிக் கொடுத்தாள். நாகப்பட்டினத்துக்கு அவள் போகவில்லை. அப்பா இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. உள்ளூரில் வரன் அமையவும் இல்லை. அந்த மாடியிலேயே அவளுக்குத் தலை நரைத்தது. மாமா பெருமை பேசும்போது அவள் காபி ஆற்றிக் கொடுப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், நன்மை வாங்குவதற்கு முன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் அவள் நிற்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே போய், "எங்க அக்கா பொய் சொன்னா சாமி" என்றேன். "உன் பாவத்தைச் சொல்லும்மா" என்றார் சாமியார். அக்காவோ கையைக் குவித்துக்கொண்டு நேராகப் போய் நன்மை வாங்கினாள். இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு எப்படித்தான் போகிறாளோ என்று பல்லைக் கடித்தபடி, அவளுக்காக மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னேன். அவள் சொன்னது பொய் இல்லை, கடவுளுக்குக் கொடுத்த வாக்கைப் போன்ற நேர்ச்சை என்று அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்?