இறக்கத்துக்கு முன் அரை மணி நேரம்

சேலம் ஜங்ஷனில் ரயில் கிளம்பியதும் என் கணவர் வலது காலை எதிர் இருக்கையின் அடியில் ஊன்றிக்கொண்டார். அங்கே மிதிக்க எதுவும் இல்லை. ஆனாலும் வண்டி வேகம் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கால் மிதித்தது. நாமக்கல் லாரி ஓட்டியே பழகிய கால்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மலை இறக்கத்தில், முட்டை லோடுடன் போனபோது, பிரேக் பிடிக்கவில்லை. லாரியை மலைப்பக்கம் சாய்த்து, பாறையில் உரசி உரசி நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் கரு மட்டும் அடுத்த வளைவு வரை ஓடியதாம். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லாரி ஓனர் எங்கள் மகன் வயதுப் பையன். வாராவாரம் போன் செய்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டான். இவருக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்த வேலையின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படி இருந்த வாரத்தில்தான் நான் ரயிலுக்குப் பதிவு செய்தேன். அவருக்கு வைத்தியம் பார்க்க இல்லை. எனக்கு மலை பார்க்கவேண்டும், அவ்வளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, கோவா பக்கம் இறங்கி, கடலோரமாகவே வந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீடு திரும்ப நாலு நாள். அந்த மலைகளை அவர் எத்தனையோ முறை தாண்டியவர். நான் ஒருமுறைகூட இல்லை.

"அங்க என்னங்க இருக்கும்?"

"வளைவு இருக்கும் புள்ள. ஏகப்பட்ட வளைவு."

"மரமெல்லாம்?"

"இருக்கும்னுதான் நெனைக்கறேன். ரோட்டைப் பாக்கறவன் மரத்தை எங்க பாக்கறது?"

மறுநாள் காலையில் காடு வந்தது. எங்கள் பக்கத்து மலைகள் வெட்டவெளியில் தனியாக நிற்கும். போகிற வருகிற எல்லோரும் அவற்றைச் சுற்றிக்கொண்டு போவோம். இங்கே மலைக்கு வெளியே என்று ஓர் இடமே தென்படவில்லை. பாறையில் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணி நுனியில் நீர், நீருக்குள் தலைகீழாக ஒரு துண்டு வானம். பனிமூட்டம் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் இறங்கிப் போனது. எனக்கு உட்கார முடியவில்லை. இரண்டு பக்க ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

இறக்கம் தொடங்கும் முன் மலை உச்சியில் ஒரு சிறிய ஸ்டேஷனில் ரயில் நின்றது. நின்றபடியே இருந்தது. இவர் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். பயணம் கிளம்பும்போது லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எங்கள் ஊர் வழக்கம். அதற்காக ரயிலுக்குமா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் பெட்டியின் சக்கரத்துக்கு முன்னால், தண்டவாளத்தின் மேல், உருளாமல் நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே வந்த ரயில்வே தொழிலாளி ஒருவர் இந்தியில் சத்தம் போட்டார். இவர் பழத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செக்போஸ்ட்டிலும் தாபாவிலும் கற்ற இந்தியில் பதில் சொன்னார். பேச்சு நீண்டது. எனக்கு இந்தி தெரியாது. இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்க சொல்றாரு?"

"தண்டவாளத்துல எதையும் வெக்கக்கூடாதாம். புடிச்சு உள்ள போட்டுருவாங்களாம்."

"அதுக்கா இவ்வளவு நேரம் பேசறீங்க?"

"இரு புள்ள, பிரேக்கைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கறேன்."

குந்தி உட்கார்ந்து பெட்டியின் அடியில் தலையை விட்டார். அந்த மனிதரும் கோபம் மறந்து, கூடவே குந்தி, கைகாட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இவர் துண்டு துண்டாக எனக்குத் தமிழில் கொடுத்தார். இறங்குகிற ரயில் எதுவானாலும் இங்கே நின்றாகவேண்டும். எல்லாப் பெட்டியிலும் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, எழுதிக் கையெழுத்தான பிறகுதான் நகரும்.

"லேட் ஆச்சுன்னா?" என்று இவர் கேட்டிருக்கவேண்டும். பதிலை எனக்குச் சொல்லுமுன் அந்த மனிதரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.

"லேட்டே கெடையாதாம் புள்ள. நிக்கற நேரத்தையும் சேத்துத்தான் டைம்டேபிளே போட்டிருக்காங்களாம்."

ரயில் நடக்கிற வேகத்தில் இறங்கியது. ஒரு பாலத்தை ஒட்டி அருவி கொட்டியது; பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் செல்போனுடன் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். இவர் மட்டும் கண்ணை மூடிச் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கேட்காமலே, சொன்னார்:

"அன்னைக்கு மேலயே நிறுத்தி பிரேக் டிரம்மை ஆற வெச்சிருக்கோணும். எனக்குத் தெரியும். எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு ஓனர் தம்பி மூணு தடவை போன். நிறுத்தாம எறக்கிட்டேன்."

மூன்று மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, இவருக்கு மலையைக் கண்டு பயம் என்று.

மூன்றாம் நாள், கடலோரப் பாதையில், அவராகவே ஓனரைக் கூப்பிட்டார்.

"தம்பி, வாரேனுங்க. ஆனா ஒண்ணு. எந்த மலையா இருந்தாலும் எறக்கத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் வண்டி நிக்கும். அதையும் சேத்துத்தான் லோடு எடுக்கற பார்ட்டிகிட்ட டைம் சொல்லோணும்."

"ஏனுங்ணா, முட்டை லோடுங்ணா, பார்ட்டிக்கு நான் என்ன..."

சுரங்கம் வந்துவிட்டது. இருட்டில் இவர் போனின் வெளிச்சம் மட்டும். வெளியே வந்ததும் பாக்குமரங்கள், ஒரு கழிமுகம், அதில் ஒற்றைப் படகு. மறுபடி கூப்பிட்டார். "பத்து நிமிசம் வேணா..." என்று ஓனரின் குரல் கேட்டது; அதற்குள் அடுத்த சுரங்கம். எதிரில் இருந்தவர்கூடச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் காத்திருந்தார்.

மூன்றாவது முறை இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "அரை மணிங்க தம்பி."

"நீங்க புடிச்சா விடமாட்டீங்களேங்ணா," என்றான் பையன். "சரி, திங்கக்கெழமை வாங்க."

சந்தோஷப்படவேண்டிய இடம். எனக்குப் பயம்தான் வந்தது. இனி மறுபடி வளைவுகள், மறுபடி இறக்கங்கள். ஆனால் பயத்தின் பக்கத்திலேயே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அந்த அரை மணி நேரம் என்னங்க பண்ணுவீங்க?"

"பண்றதுக்கு என்ன இருக்குது? சும்மா உக்காந்திருப்பேன்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மொத லோடுக்கு நானும் வாரேன்."

"லாரியிலயா? எதுக்கு?"

"நீங்க சும்மா உக்காந்திருக்கறதைப் பாக்கோணும்."

"குலுக்கிப் போட்டுரும் புள்ள," என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.