சம்சயம் உண்டு, சார்

மழைக்காலம் என்றாலே நனைந்த 'படங்கு'களின் வாசனைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், இடுப்பில் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு அம்மாமார் காலையில் 'பெரட்டுக்கள'த்தில் வரிசையாக நிற்க, ஃபீல்டு ஆபீசர் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் மலையாளத்தில் ஒன்று கேட்பார்: "சம்சயம் உண்டோ?" ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று அர்த்தம். "இல்லைங்கய்யா" என்று மொத்த வரிசையும் ஒரே குரலில் சொல்லும். சந்தேகம் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்; வாயைத் திறந்தால் மறுநாள் தூரத்து மலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு.

விடுமுறை நாட்களில், பெரியவர்கள் மலையேறிய பிறகு, காலியான களத்தில் நாங்கள் அதையே விளையாடினோம். ஒருவர் ஆபீசர், மற்றவர்கள் வரிசை. முகத்துக்கு நேரே வந்து "சம்சயம் உண்டோ?" என்று ஆபீசர் அதட்டும்போது சிரிக்காமல் "இல்லைங்கய்யா" என்றால் தப்பித்தோம். 'உண்டு' என்றவர் 'அவுட்டு'. கடைசிவரை நிற்பவர் அடுத்த ஆபீசர். அந்த விளையாட்டில் என்னை ஜெயிக்க ஆளில்லை. பக்கத்து வீட்டுச் செல்வியோ முதல் சுற்றிலேயே வெளியே போவாள். "உண்டு சார், உங்களுக்கு மட்டும் எப்பிடி சார் குடை?" என்பாள், வரிசையே சிரித்துக் கலைந்துவிடும். அவளுக்கு வாய் நீளம் என்று அலுத்துக்கொள்ளும் என் அம்மா, என்னைக் காட்டி, "இது வாயத் தொறக்காது, பொழச்சுக்கும்" என்பாள்.

அப்படித்தான் பிழைத்தேன். பி.காம். முடித்து, அதே எஸ்டேட் ஃபாக்டரியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்து, எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காமல் நல்ல பெயரும் வாங்கினேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய வாரத்தில், காலை ஷிப்டு இனி ஆறு மணிக்கு என்று காதில் விழுந்தது. குழந்தைகளை விடும் 'பிள்ளைப்புரை' திறப்பதோ எட்டு மணிக்கு. ஜீப் ஓட்டும் கணவர் விடியுமுன் கிளம்பிவிடுவார். வேலையா, மகளா என்று இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் பிள்ளைப்புரைக்குப் போனேன். அங்கே ஆயா இப்போது செல்விதான். ஆறு மணிக்கு முன்பே வருவதற்கு அவள் தயார். சாவிதான் ஆபீசில் இருந்தது.

அன்றைய கூட்டத்தில் மானேஜர் புது நேரத்தை அறிவித்துவிட்டு, அதே இரண்டு சொற்களைக் கேட்டார். என் வாயில் 'இல்லை' தயாராகவே இருந்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

"உண்டு சார். ஆறு மணிக்கு வந்தா பிள்ளைகள எங்க விடுறது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றியது. அவ்வளவு சீக்கிரம் ஆயா வருவாளா என்றார் மானேஜர். கேட்டுவிட்டேன், சாவி மட்டும் கொடுத்தால் போதும் என்றேன். அந்நேரத்தில் பால் காய்ச்ச கேஸ் இருக்குமா என்றார்.

"அது தெரியல சார். மத்தியானத்துக்குள்ள பாத்துச் சொல்றேன்."

தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு நிமிர்ந்து நான் சொன்னதே இல்லை. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். அப்போது பின்வரிசையிலிருந்து, என்னோடு பேக்கிங்கில் இருக்கும் பாக்கியம் அக்காவின் குரல் வந்தது: "எனக்கும் ஒரு சம்சயம் உண்டு சார்."

பெரட்டுக்களத்தில் இப்போது சுற்றுலா ஜீப்புகள் நிற்கின்றன. அந்த விளையாட்டு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஜீப்புகளுக்கு நடுவே புகுந்து ஓடி, செல்வியின் கையில் சாவியை வைத்தேன். நடந்ததைக் கேட்டவள், இடுப்பில் இருந்த என் மகளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"உண்டுன்னா சொன்ன? அப்ப நீ அவுட்டுடீ."