வளைவு வைக்காத மூலை

உடைந்த ஷாஃப்ட்டை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தவர், அதை உடைத்ததாகப் பழி சுமத்தப்பட்டவரே. இரண்டு துண்டுகளையும் சிமெண்டுச் சாக்கில் சுற்றி, மொபெட்டின் முன்பக்கம் வைத்து மந்தாரக்குப்பம் வரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இறக்கி வைத்தபின் உட்காரச் சொன்னேன். உட்காராமல் வாசலிலேயே நின்றார். ஐம்பதை நெருங்கியவர். புருவத்திலும் காது மடலிலும் சாம்பல் படிந்திருந்தது.

அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செங்கல் போடும் சின்னத் தனியார் கம்பெனி ஒன்றில் அவர் கலவை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சாம்பலையும் சிமெண்டையும் கலக்கும் தொட்டியின் நடுவே நின்று சுழலும் கனத்த இரும்புத் தண்டுதான் அந்த ஷாஃப்ட். அவர் வந்து சேரும் முன்பே அவருடைய முதலாளி எனக்கு ஃபோன் செய்துவிட்டார். ஓட்டுகிறவன் அளவுக்கு மேல் கொட்டி உடைத்துவிட்டான், அவனை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது, பழைய மாதிரியே ஒரு படம் போட்டுச் சீக்கிரம் செய்து கொடுங்கள் என்றார். நிறுத்தப்பட்டவரிடமே துண்டுகளைச் சுமக்கக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

நான் அந்தப் பட்டறையில் படம் வரைகிறவள். அப்பா சுரங்கத்தில் ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் மந்தாரக்குப்பத்துக்கு வாடகைக்கு வந்தோம். கையில் டிப்ளமோ இருந்தது. இரும்பு கடையும் லேத் வைத்திருந்த பாய் வேலை கொடுத்தார். உடைந்த பாகம் எது வந்தாலும் அளந்து, முதலில் கையால் ஒரு படம், பிறகு கம்ப்யூட்டரில் ஒரு படம் போடுவேன். அதைப் பார்த்துத்தான் பாய் கடைவார்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் முறிந்த முகத்தைத் துடைத்தேன். முக்கால்வாசி கறுத்து, வழவழப்பாக, ஏரித் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகள் மாதிரி வரிவரியாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் உடைத்த கல்கண்டு போலப் பளபளத்தது. பளபளப்பது கடைசியில் முறிந்த இடம். கறுத்திருப்பது மாதக்கணக்காக உள்ளே விரிந்துகொண்டே போன விரிசல். ஒரு நாள் அதிகமாகக் கொட்டி உடைந்தால் இப்படி இருக்காது.

"இது நேத்து உடைஞ்சது இல்லண்ணே. ரொம்ப நாளா உடைஞ்சிட்டு இருந்திருக்கு" என்றேன்.

அவர் அப்போதுதான் உள்ளே வந்தார். "அதத்தாம்மா நான் சொல்லிகினே இருந்தேன். ஒரு மாசமா அடியில டக்கு டக்குன்னு சத்தம் வந்துகினு இருந்துச்சு. ஓடற வரைக்கும் ஓடட்டும்னுட்டாரு மொதலாளி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெர்னியர் அளவுகோலை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். தண்டின் பருமனான பகுதி முடிந்து மெலிந்த பகுதி தொடங்கும் மூலையில்தான் முறிவு. அந்த மாதிரி மூலையில் சின்னதாக ஒரு வளைவு விட்டுக் கடைய வேண்டும். இல்லாவிட்டால் பாரமெல்லாம் அந்த ஒரு கோட்டில் வந்து விழும், விரிசல் அங்கேதான் பிறக்கும். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இங்கே மூலை கத்தி மாதிரி இருந்தது. எந்த முட்டாள் இதை வரைந்தான் என்று வாய்விட்டே திட்டினேன்.

பழைய அளவுகளோடு ஒப்பிடலாம் என்று கம்ப்யூட்டரில் தேடியபோது அந்தக் கம்பெனியின் பெயரிலேயே ஒரு படம் கிடைத்தது. நான் சேர்ந்த புதிதில் போட்டது. அதற்கும் முன்னால் உடைந்த ஷாஃப்ட்டை வைத்து, "அப்படியே போடு" என்று பாய் சொன்னதற்காக அப்படியே போட்டிருந்தேன். மூலையில் இரண்டு கோடுகள் நேராக முட்டி நின்றன. கீழே வலது ஓரத்தில் என் இனிஷியல்.

அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சத்தம் வந்தப்பவே நிறுத்தியிருந்தா இது தெரிஞ்சிருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். தெரிந்திருக்கும் என்றேன்.

பாய்க்கு நான் இதை முதலாளியிடம் போய்ச் சொல்வதில் இஷ்டமில்லை. வளைவை வைத்துப் புதுப் படம் போடு, போதும், நம் தப்பை நாமே எதற்குக் கடை பரப்ப வேண்டும் என்றார். அவர் பயமும் எனக்குப் புரிந்தது. ஆனால் வளைவு வைத்தால் தண்டின் மேல் வந்து உட்காரும் இரும்பு வளையம் அந்த மூலையில் தட்டுமா என்று மிஷினிலேயே அளந்து பார்த்தாக வேண்டியிருந்தது. கறுத்த முகம் நன்றாகத் தெரிந்த துண்டை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு அன்று மதியமே கம்பெனிக்குக் கிளம்பினேன்.

வளையத்தை அளந்து முடித்ததும் முதலாளியின் மேஜையில் துண்டை வைத்தேன். கறுப்பைக் காட்டினேன், பளபளப்பைக் காட்டினேன். "இதுக்கு அவர் காரணம் இல்லைங்க. மூலையில வளைவு இல்லாம வரைஞ்சது நான். சத்தம் வருதுன்னு அவர் சொன்னதைக் கேக்காம ஓட்டச் சொன்னது நீங்க. அவரைத் திரும்ப வேலைக்கு எடுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். தொட்டிக்கு மேல் கை சிக்காதபடி கம்பி மூடி போடாமல் மிஷினை ஓட்ட மாட்டேன் என்று போன மாதம் அந்த ஆள் அரை நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம். அவன் பேச்சைக் கேட்டு மற்றவர்களும் நின்றுவிட்டார்களாம்.

"அவனை அனுப்பணும்னு இருந்தேன்மா. ஷாஃப்ட் உடைஞ்சுது. இது இல்லாட்டி வேற ஒண்ணு" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இரும்பின் முகத்தை அத்தனை கவனமாகத் துடைத்து எடுத்துப்போயிருந்தேன்; இவருக்கு அது தேவையே இல்லை. தொட்டியை எட்டிப் பார்த்தேன். மூடி இன்னும் போடவில்லை. மூடி போடாத மிஷினுக்கு நாங்கள் ஷாஃப்ட் செய்து தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

பாய் நான் சொன்னதையெல்லாம் கேட்டு வெகுநேரம் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லிட்டல்ல. அப்ப மூடிக்கும் சேர்த்து ஒரு படம் போடு. ரெண்டும் சேர்ந்துதான் போகும்" என்றார். அப்படியே போயிற்று. முதலாளி முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார். கம்பெனி நின்று கிடந்ததால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

புதுப் படத்தின் குறிப்புப் பகுதியில், முந்தைய ஷாஃப்ட் முறிந்ததற்குக் காரணம் மூலையில் வளைவு இல்லாததும், நாள்பட்ட விரிசலோடு ஓட்டியதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மொபெட்காரர் ஒரு பிரதி கேட்டு வாங்கிப்போனார். போகும் இடத்தில் மிஷினை உடைத்தவன் என்று பேச்சு வந்தால் காட்ட வேண்டுமாம். குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு செங்கல் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. ஓட்டுகிறவராக இல்லை, கல் அடுக்குகிறவராக.

ஒரு மாதம் கழித்து, ஷாஃப்ட் உடைந்த கம்பெனிப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்தேன். கம்பி மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மிஷின் ஓட்டிய புது ஆளிடம் போய், மூடியைப் போடுங்கள், அடியில் சத்தம் வந்தால் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். மிஷின் இரைச்சலில் நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.