டாக்டரம்மா தப்பாகக் கூவியபோது

மதராஸ் ரயிலில் வந்து இறங்கிய ஜவுளிக்கடைக்காரர்தான் டாக்டர் ராஜேஸ்வரியம்மாள் காலமான செய்தியைக் கொண்டுவந்தார். திருத்தணி வைத்தியசாலையில் அவரிடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். அழுகை வந்தது, அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. டாக்டரம்மா பாடிக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

சுருதிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. ஆனாலும் நோயாளிகளிடம் கூசாமல் பாடுவார். ஜுரத்துக்கு மருந்துதான், பாட்டு இல்லை என்பதில் கண்டிப்பு. பாரிசவாயுவில் பேச்சுப் போனவர்களிடம் மட்டும் பாட்டைச் சோதித்துப் பார்ப்பார். பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு மூளையில் வேறிடத்தில் பத்திரமாக இருக்குமாம். "முன்வாசல் பூட்டிக் கெடந்தா, கொல்லைப் பக்கமா போய்க் கூப்பிடணும்" என்பார். எல்லோருக்கும் பலித்ததில்லை. பலித்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

யுத்தம் முடிந்த சமயம். வளையல் விற்கும் யூசுப் பாய்க்குப் பாரிசவாயுவில் வலக்கை விழுந்து, பேச்சும் நின்றது. எதைக் கேட்டாலும் "பா... பா..." தான். புத்தி போய்விட்டது என்று வீட்டார் முடிவுகட்டினார்கள். மனைவி கதீஜாவின் அண்ணன் அரக்கோணத்தில் மெக்கானிக். மாசக் கடைசியில் தங்கையையும் குழந்தையையும் தன்னோடு அழைத்துப்போவதாகப் பாயின் எதிரிலேயே சொன்னார். பாய்க்கு எல்லாம் புரிந்தது. கண்ணில் நீர் வழிந்ததே தவிர ஒரு சொல் வரவில்லை.

அம்மா அவர் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் தெருவில் கூவுவதையே எடுத்துவிட்டார்: "கண்ணாடி வளையலோய்... கல்லு வளையலோய்..." கடைசி 'லோய்' மேலே ஏற வேண்டும். அம்மா கீழே இறக்கினார். பாய் முகம் சுளித்தார். அம்மா மறுபடியும் இறக்கினார். பாய்க்குப் பொறுக்கவில்லை, இடக்கையால் கட்டிலைத் தட்டி, "கண்ணாடி வளையலோய்" என்று முழுசாக ஏற்றிக் காட்டினார். வேண்டுமென்றே தப்பாகப் பாடினீர்களா என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"இல்லப்பா, எனக்கு அவ்ளோதான் வரும்" என்றார்.

அன்றிலிருந்து அதே மெட்டில் வேறு சொற்கள். தண்ணீர், பசி, மனைவி பெயர், குழந்தை பெயர். பாய் தட்டுவார், அம்மா தொடங்குவார், பாய் முடிப்பார். வைத்தியசாலையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும்.

மாசக் கடைசியில் வாசலில் வண்டி வந்து நின்றது. கதீஜா குழந்தையோடு சொல்லிக்கொள்ள வந்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. பாய் தானாகவே கட்டிலைத் தட்டினார்.

"கதீஜா போவாதேய்... கொழந்தையோட போவாதேய்..."

அசல் வளையல் மெட்டு! கதீஜா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். வாசலில் நின்ற அண்ணன் உள்ளே வந்தார்.

"மச்சானுக்குப் புத்தி நல்லாத்தான் கீது. மூட்டைய எறக்கும்மா" என்றார்.

அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. பேச்சிழந்தவரை யாராவது கூட்டிவந்தால், "இவரு என்னா பாடுவாரு?" என்று கேட்கிறேன். முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அப்புறம், அதுவரை அவர் அங்கே இல்லாததுபோல் பேசிக்கொண்டிருந்தவர்கள், திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.